சாக்சன் என்பவர் யார்? ஒரு பெயர் நடந்து வந்த வழி

மொன்றியலில் வந்திறங்கும் எம்மவர் எவருக்கும் முதல் ஆறு மாதத்துக்குள் குறைந்தது நான்கு புதிய பெயர்களாவது கிடைத்துவிடுகின்றன. குடிவரவு அலுவலகத்தில் 'அகதிக் கோரிக்கையாளர்'. பிள்ளையைப் பாடசாலையில் சேர்க்கப் போனால் 'அலோபோன்', அதாவது பிரெஞ்சும் அல்லாத, ஆங்கிலமும் அல்லாத வேறொரு மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவர். வேலைக்கு மனுப்போடும் படிவத்தில் 'கண்ணுக்குத் தெரியும் சிறுபான்மை'. தொழிற்சாலையில் 'சிறிலங்கே'. எந்த நாட்டில் இருக்க முடியாமல் ஓடி வந்தோமோ அந்த நாட்டின் பெயரையே கூப்பிடு பெயராகச் சுமக்கிறோம். 'தமிழர்' என்று எழுத இந்தப் படிவங்களில் எந்தக் கட்டம் இருக்கிறது என்று தேடிக் களைத்தவர்கள் எம்மில் பலர்.

இதே நாட்களில் நாமும் மற்றவர்களுக்கு உரிய பெயர்களைப் பழகிக்கொள்கிறோம். சாப்பாட்டு இடைவேளையில் கியூபெக்காரர் அரசியல் பேசினால் 'ஆங்கிலோ-சாக்சன்' என்ற சொல் அடிக்கடி வந்து விழும். வானொலியிலும் பத்திரிகையிலும் அதே சொல். யாரைச் சொல்கிறார்கள் என்று கவனித்துக் கேட்டால் ஆச்சரியமாக இருக்கும். ரொறன்ரோவின் வங்கிகள், வெஸ்ற்மவுண்ட் மாளிகைகள், லண்டன், நியூயோர்க், அமெரிக்கச் சினிமா எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. எமது தொழிற்சாலையில் ஐரிஷ் வம்சத்தவர் ஒருவர் இருக்கிறார். ஆங்கிலம்தான் பேசுவார். அவரையும் இப்படிச் சொன்னபோது அவருக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டும். 'என் பாட்டன்மார் பட்டினி கிடந்து செத்தது யாரால் என்று தெரியுமா?' என்று கேட்டார். சொன்னவருக்குப் பதில் தெரியவில்லை.

அப்படியானால் இந்தச் சாக்சன் என்பவர் யார்?

இன்றைய ஜேர்மனியின் வடமேற்கில், எல்ப ஆற்றின் பக்கமாக வாழ்ந்த ஒரு கூட்டத்தாரின் பெயர் அது. அவர்கள் இடுப்பில் செருகிய 'சீயக்ஸ்' என்னும் கத்தியிலிருந்து பெயர் வந்தது என்பதே மொழியறிஞர் பலரின் கருத்து. ரோமானியப் பேரரசு தளர்ந்த காலத்தில் இவர்கள் கடல்வழியே வந்து பிரித்தானியக் கரைகளைத் தாக்கினார்கள். 5ஆம் நூற்றாண்டில் அங்கேயே குடியேறினார்கள். அங்கிளர், சாக்சனியர், ஜூட்டர் என்ற மூன்று கூட்டத்தார் வந்ததாக 731இல் தமது வரலாற்று நூலை முடித்த பீட் என்ற துறவி எழுதிவைத்தார்.

அவர்கள் விட்டுச்சென்ற பெயர்கள் எம்மவர் வாயில் தினமும் புழங்குகின்றன. எசெக்ஸ் என்றால் கிழக்குச் சாக்சனியர் நாடு, சசெக்ஸ் தெற்கு, மிடில்செக்ஸ் நடு. லண்டனில் எம்மவர் நிறைந்த ஈஸ்ற்ஹாமும் இல்போர்ட்டும் 1965க்கு முன் எசெக்சைச் சேர்ந்தவை. ஹரோவும் வெம்பிளியும் மிடில்செக்ஸ். எசெக்ஸ் கோட்டத்துக் கொடியில் இன்றைக்கும் மூன்று சீயக்ஸ் கத்திகள் இருக்கின்றன.

ஆனால் இங்கிலாந்தில் குடியேறிய அந்த மக்கள் தங்கள் மொழியை 'இங்கிலிஷ்' என்றே சொன்னார்கள். 'ஆங்கிலோ-சாக்சன்' என்ற இரட்டைப் பெயர் 8ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியப் பெருநிலத்து எழுத்தாளர்கள் வைத்தது. கடல் தாண்டிப் போன சாக்சனியரை, ஊரில் தங்கிவிட்ட சாக்சனியரிடமிருந்து பிரித்துக் காட்ட அது தேவைப்பட்டது. 'கனடாத் தமிழர்' என்று நாம் சொல்வதைப் போல என்று வைத்துக்கொள்ளலாம். பிறகு 9ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெசெக்ஸ் அரசன் அல்பிரட் தன் ஆவணங்களில் ஆங்கிலோ-சாக்சனியரின் அரசன் என்று போட்டுக்கொண்டான். அதன்பின் அந்தச் சொல் வெகுகாலம் தூங்கிப்போயிற்று.

ஊரில் தங்கியவர்களின் கதை கொடுமையானது. பிராங்கர் மன்னன் சார்லமேன் 772 முதல் 804 வரை அவர்கள்மேல் விட்டு விட்டுப் போர் தொடுத்தான். கிறிஸ்தவத்தை வாளால் கொண்டுபோனான். 782இல் வெர்டன் என்னும் இடத்தில் ஒரே நாளில் 4,500 பேரின் தலைகள் வெட்டப்பட்டதாகப் பிராங்கரின் ஆண்டுக்குறிப்பே சொல்கிறது. 804இல் எல்ப ஆற்றுக்கு அப்பால் இருந்த சாக்சனியரைப் பெண்டு பிள்ளைகளோடு பெயர்த்தெடுத்துப் பிராங்கரின் நாட்டுக்குள் வேறிடங்களில் சிதறவைத்தான். ஊரைப் பெயர்த்தெடுப்பது எப்படி இருக்கும் என்று எம்மவருக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். பிராங்கர் என்ற ஜேர்மானியக் கூட்டத்தாரின் பெயரிலிருந்துதான் பிரான்சு என்ற நாட்டின் பெயரும், எமது பிள்ளைகள் பாடசாலையில் படிக்கும் 'பிரான்சே' மொழியின் பெயரும் வந்தன. ஆக, மொன்றியலில் இன்று பிரெஞ்சுக்காரர் ஒருபக்கம், ஆங்கிலோ-சாக்சன் மறுபக்கம் என்று நடக்கும் வாக்குவாதத்தில் இருக்கும் இரண்டு பெயர்களும் 1,200 ஆண்டுகளுக்கு முன் எல்ப ஆற்றங்கரையில் சண்டைபிடித்த அதே இரண்டு பெயர்கள்! பேசுகிற மனிதருக்கும் அந்தச் சண்டைக்கும் ஒரு தொடர்பும் இல்லை.

எமது 'பறங்கி'யும் அதே வேர்தான். சிலுவைப் போர்க் காலத்து அரபியர் ஐரோப்பியர் எல்லோரையும் பிராங்கர் என்றே அழைத்தார்கள். அது பாரசீகத்தில் 'பரங்கி' ஆகி, எமது கரைக்குப் போர்த்துக்கேயர் வந்தபோது அவர்களின் தலையில் ஏறியது. தமிழ்நாட்டில் பரங்கிப்பேட்டை, பறங்கிக்காய். இலங்கையில் 'பறங்கி' என்று ஒரு தோல்நோய். இன்றைக்கு இலங்கையில் பறங்கியர் என்றால் பெரும்பாலும் ஒல்லாந்த, போர்த்துக்கேய வம்சாவளியினர். பிராங்கரின் இரத்தம் ஒரு துளியும் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

சாக்சன் பெயரும் இப்படித்தான் ஊர் சுற்றியது. பக்கத்து வீட்டுக்காரர் எவரோ, அவர் முதலில் கண்டது சாக்சனை என்றால், பின்னால் வந்தவர் எல்லோரும் சாக்சன் ஆனார்கள். பின்லாந்துக்காரருக்கும் எஸ்தோனியருக்கும் ஜேர்மனி முழுவதும் 'சக்சா'. எஸ்தோனிய மொழியில் 'சக்ஸ்' என்றால் எசமான் என்றும் பொருள். அங்கே நிலம் வைத்திருந்தவர்கள் ஜேர்மன்காரர். தோட்டத்தில் 'துரை' என்று சொல்வதைப் போன்ற சங்கதி. வேல்ஸ் மொழியில் ஆங்கிலேயன் 'சைஸ்'. ஐரிஷ் மொழியில் 'சசனாக்'. ஸ்கொட்லாந்து மலைநாட்டாருக்கும் கிட்டத்தட்ட அதே சொல். அதைத் தங்கள் நாட்டுச் சமவெளி மக்களுக்கும் சேர்த்தே வீசினார்கள். எமது தொழிற்சாலை நண்பருக்கு ஏன் கோபம் வந்தது என்று இப்போது விளங்கும். அவருடைய பாட்டன் மொழியில் சாக்சன் என்பது மற்றவனின் பெயர்.

ஜேர்மனிக்குள்ளேயே நடந்தது இன்னும் வேடிக்கை. 1180இல் சாக்சனியப் பிரபுவின் நாடு உடைக்கப்பட்டபோது பட்டம் வேறொரு குடும்பத்துக்குப் போனது. 1423இல் மைசன் பிரபுக்களின் கைக்கு வந்தது. பட்டம் போன இடமெல்லாம் பெயரும் போனது. இப்படி எல்ப ஆற்றின் மேற்பக்கமாக ஏறி ஏறி, பழைய சாக்சனியர் குடியிருக்காத டிரெஸ்டன் பகுதிதான் இன்று 'சாக்சனி' மாநிலம். உண்மையான பழைய நாட்டின் ஒரு பகுதி 1946இல் பிரித்தானியர் உருவாக்கிய 'கீழ்ச் சாக்சனி'யில் இருக்கிறது. இன்னொரு பகுதி வெஸ்ற்பாலியா. 2002இல் குடமுழுக்குக் கண்ட ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயில் அந்த வெஸ்ற்பாலியாவில்தான் இருக்கிறது. சரியாகச் சொன்னால் டிரெஸ்டன்காரரைவிடக் காமாட்சி அம்பாள்தான் சாக்சனிய மண்ணில் இருக்கிறாள்!

றுமேனியாவின் திரான்சில்வேனியாவுக்கு 12ஆம் நூற்றாண்டில் ஹங்கேரி மன்னன் இரண்டாம் கேசா குடியேற்றக்காரரை அழைத்தான். வந்தவர்களில் பெரும்பாலோர் றைன், மோசல் ஆற்றுப் பக்கத்தவர், சாக்சனியர் அல்லர். ஆனால் அரச அலுவலகத்து லத்தீன் எழுத்தர்கள் 'சாக்சோனெஸ்' என்று பதிந்துவிட்டார்கள். அவ்வளவுதான். எண்ணூறு ஆண்டுகள் அவர்கள் சாக்சனியராகவே வாழ்ந்தார்கள், தங்களைத் தாங்களும் அப்படியே அழைத்தார்கள். 1989க்குப் பின் பெரும்பாலோர் ஜேர்மனிக்குப் போய்விட்டார்கள். 2014இல் றுமேனியாவின் சனாதிபதியாகத் தெரிவான கிளாவுஸ் யொகானிஸ் அந்தச் சமூகத்தவர். ஓர் எழுத்தரின் பேனா எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

எமது கதையும் இதுவே. 1707இல் ஒல்லாந்தருக்காகக் கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த தேசவழமைச் சட்டம், யாழ்ப்பாணத்து 'மலபார்' குடிகளின் சட்டம் என்றே ஐரோப்பியர் ஏட்டில் பதிவாகியது. எமக்கும் மலபாருக்கும் நடுவில் ஒரு கடலும் ஒரு மலைத்தொடரும் இருந்ததை அவர்கள் பொருட்படுத்தவில்லை. பிரான்சின் ஆட்சியிலுள்ள றீயூனியன் தீவில் தமிழ் வம்சாவளியினரை இன்றைக்கும் 'மல்பார்' என்றுதான் சொல்கிறார்கள். அவர்களும் அதைத் தங்கள் பெயராகவே எடுத்துக்கொண்டார்கள். இலங்கை முஸ்லிம்களை 'மூர்' என்று வைத்தவர்கள் போர்த்துக்கேயர். மொறோக்கோ நாட்டவருக்கு வைத்த பெயரை அப்படியே கொண்டுவந்து ஒட்டினார்கள். அது சனத்தொகைக் கணக்கெடுப்பில் இன்றும் இருக்கிறது.

நாம் மட்டும் யோக்கியரா? எம்மவர் சிலர் எயிற்றி நாட்டுத் தொழிலாளரைத் தமிழில் 'காப்பிலி' என்று சொல்வதைக் கேட்கிறோம். 'காபிர்', அதாவது நம்பிக்கையற்றவன் என்ற அரபுச் சொல் போர்த்துக்கேயர் வாய்வழி இலங்கைக்கு வந்து, அவர்களும் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் கொண்டுவந்த ஆபிரிக்க அடிமைகளுக்கும் சிப்பாய்களுக்கும் பெயராயிற்று. அவர்களின் சந்ததியார் சிறு தொகையினர் புத்தளம் பக்கம் இன்னும் வாழ்கிறார்கள். எயிற்றிக்காரருக்கோ அவர்களின் நாட்டின் பெயர் இருக்கிறது. எமக்குத் தையல் மெசின் பழக்கிய மனிதரை இந்தப் பெயரால் சொல்ல எமக்கு வாய் வரவில்லை. பிள்ளைகள் முன்னால் யாரும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். பிள்ளைகளுக்கு இரண்டு மொழியும் விளங்கும்.

இனி எமது நகரத்துக்கு வருவோம். தூங்கிப்போன 'ஆங்கிலோ-சாக்சன்' என்ற சொல்லை 16ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பேராயர் மத்தியூ பார்க்கர் போன்றோர் பழைய சுவடிகளைத் தேடித் தொகுத்தபோது எழுப்பினார்கள். 19ஆம் நூற்றாண்டில் அது இனப்பெருமைச் சொல்லாக மாறிவிட்டது. சட்டம் செய்யவும் உலகை ஆளவும் பிறந்த இனம் என்ற பேச்சு. 1837-38இல் கீழ்க் கனடாவில், அதாவது இன்றைய கியூபெக்கில், கிளர்ச்சி நடந்தது. விசாரிக்க அனுப்பப்பட்ட டர்ஹாம் பிரபு 1839இல் கொடுத்த அறிக்கையில், பிரெஞ்சுக் கனடியரை ஆங்கிலேயருக்குள் கரைத்துவிடுவதே வழி என்றார். அவர்களுக்கு வரலாறும் இலக்கியமும் இல்லை என்ற கருத்தையும் எழுதினார். அதற்கு மறுமொழியாகப் பிரான்சுவா-சேவியே கார்னோ என்பவர் 1845இல் கனடா வரலாற்றை வெளியிடத் தொடங்கினார். ஒரு சனத்துக்கு வரலாறு இல்லை என்று சொன்னால் அது வரலாறு எழுதத் தொடங்கும்.

1849இல் மொன்றியல்தான் கனடாவின் தலைநகரம். நாடாளுமன்றம் பழைய நகரத்தில் சென்ற் ஆன் சந்தைக் கட்டடத்தில் இருந்தது. கிளர்ச்சிக் காலத்தில் சொத்திழந்த கீழ்க் கனடா மக்களுக்கு நட்டஈடு கொடுக்கும் சட்டத்தை லாபொன்ரேன், போல்ட்வின் அரசாங்கம் கொண்டுவந்தது. கிளர்ச்சிக்காரருக்குப் பணமா என்று ஆங்கிலேய விசுவாசிகள் கொதித்தார்கள். ஏப்ரல் 25ஆம் திகதி தேசாதிபதி எல்ஜின் பிரபு சட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தார். வெளியே வந்தபோது அவருடைய வண்டிக்கு முட்டையடி. அன்று மாலையே 'கசெற்' பத்திரிகை விசேட பதிப்பு ஒன்றை அடித்து வெளியிட்டது. அதில் வாசகர்களை 'ஆங்கிலோ-சாக்சன்களே' என்று விளித்து, இரத்தத்தையும் இனத்தையும் சொல்லி, இரவுக் கூட்டத்துக்கு அழைத்தது. (1778இல் பிரெஞ்சுப் பத்திரிகையாகப் பிறந்த பத்திரிகைதான் அது. அதுவும் பெயர்களின் வேடிக்கையில் ஒன்று.)

கூடியவர்கள் தீப்பந்தங்களோடு நாடாளுமன்றத்துக்கு நடந்தார்கள். முன்னுக்கு நின்றவர்களில் ஒருவர் அல்பிரட் பெரி. தீயணைக்கும் தொண்டர் படை ஒன்றின் தலைவர்! பல ஆண்டுகளின் பின் தமது பங்கைத் தாமே எழுதிவைத்தார். கட்டடம் எரிந்தது. அதற்குள் இருந்த நூலகம் எரிந்தது. 20,000க்கும் மேற்பட்ட நூல்களில் தப்பியவை சில நூறுகூட இல்லை என்பார்கள். விக்ரோரியா மகாராணியின் பெரிய படத்தை மட்டும் கவனமாக வெளியே தூக்கிவந்தார்கள்; அது இப்போது ஒட்டாவாவில் இருக்கிறது. அதன்பின் மொன்றியல் தலைநகரமாக இருக்கவில்லை. அதே ஆண்டு ஒக்ரோபரில், விசுவாசம் பேசிய வட்டாரத்து வணிகர் பலரே அமெரிக்காவோடு சேர்ந்துவிடுவோம் என்று அறிக்கையில் கையெழுத்து வைத்தார்கள். அதில் கையெழுத்திட்ட ஜோன் அபொட் பின்னாளில் கனடாவின் பிரதமரானார்.

1981 யூன் முதலாம் திகதியை ஒட்டிய இரவில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததை எமது பெற்றோர் கண்டார்கள். ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் போயின. நாமோ அந்தக் கரிச் சுவர்களையும் பிறகு பூசிய வெள்ளையையும் பார்த்து வளர்ந்தவர்கள். அதனால்தான் மொன்றியலில் இந்தக் கதையை முதலில் கேட்டபோது கையிலிருந்த தேத்தண்ணி ஆறியது. இங்கே எரித்தவர்கள் வறியவர்களோ புதிதாக வந்தவர்களோ அல்லர். நகரத்தின் பணமும் கடைகளும் அவர்கள் பக்கம். வாக்கெடுப்பில் ஒரு சட்டம் தோற்காமல் போனதே அவர்களுக்குத் தாங்கவில்லை. ஊரிலும் இங்கும் பெயர்கள்தான் வேறு.

இந்தச் சொல்லோடு அதன்பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அமெரிக்காவில் வெள்ளை, ஆங்கிலோ-சாக்சன், புரட்டஸ்தாந்து என்ற மூன்றையும் சேர்த்து 'வாஸ்ப்' என்று முதலெழுத்துச் சொல் ஒன்று உண்டானது. 1964இல் டிக்பி போல்ற்செல் என்ற சமூகவியலாளரின் நூலால் அது பரவியது. ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்குக் குளவி என்றும் பொருள். பிரித்தானிய அரச குடும்பம் ஜேர்மனியின் 'சாக்ஸ்-கோபுர்க்-கோத்தா' என்ற பெயரோடு இருந்தது. முதல் உலகப் போரில் ஜேர்மன் விமானங்கள் லண்டனில் குண்டு போட்டுக்கொண்டிருந்தபோது, 1917 யூலை 17இல், ஐந்தாம் ஜோர்ஜ் மன்னர் அதை 'வின்சர்' என்று மாற்றினார். மன்னர்களும் சமயம் பார்த்துப் பெயர் மாற்றுவார்கள். 2019இல் பழைய இங்கிலாந்தை ஆராயும் அறிஞர்களின் உலகச் சங்கம் ஒன்று தன் பெயரிலிருந்து இந்தச் சொல்லையே எடுத்துவிட வாக்களித்தது. வெள்ளை இனவெறியர் அதைத் தங்கள் கொடியாகப் பிடித்துக்கொண்டது ஒரு காரணம்.

கியூபெக்கில் அரசாங்கம் மொழியால் பெயர் வைக்கிறது: பிராங்கோபோன், ஆங்கிலோபோன், அலோபோன். முன்னர் மதத்தால் வைத்தது. 1903இல் வந்த சட்டம் ஒன்றின்படி யூதப் பிள்ளைகள் பாடசாலைக் காரியத்துக்குப் புரட்டஸ்தாந்தினர் என்று கணிக்கப்பட்டார்கள். கத்தோலிக்கம், புரட்டஸ்தாந்து என்று இருந்த பாடசாலைச் சபைகள் 1998இல்தான் மொழிவாரியாக மாறின. 1977ஆம் ஆண்டின் 101ஆம் சட்டத்தால் எமது பிள்ளைகள் பிரெஞ்சில் படிக்கிறார்கள். இதைப் பற்றி எம்மவரிடையே முணுமுணுப்பு உண்டு. ரொறன்ரோவுக்குப் போய்விடலாம் என்ற பேச்சும் உண்டு. ஆனால் டர்ஹாமின் அறிக்கையையும் 1849ஐயும் அறிந்தபின் பிரெஞ்சுக்காரரின் பயம் எங்கிருந்து வருகிறது என்றாவது விளங்குகிறது. மொழிக்காகப் பயந்த சனம்தானே நாமும். அதே வேளை 1995 ஒக்ரோபர் 30 சர்வசன வாக்கெடுப்பில் தோற்ற இரவு, முதல்வர் பாரிசோ பணத்தையும் 'எத்னிக்' வாக்குகளையும் குற்றம் சொன்னதையும் இங்கு முன்னர் வந்தவர்கள் மறக்கவில்லை. 'எத்னிக்' என்றால் நாம்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வெளிக்கிடுங்கள். பிளாஸ் டார்ம் மெட்ரோவில் இறங்கி ஆற்றுப் பக்கமாக நடந்தால் பிளாஸ் டியூவில் வரும். எரிந்த நாடாளுமன்றம் நின்ற இடம் அதுதான். தொல்லியலாளர் அங்கே அகழ்ந்தபோது கருகிய புத்தகங்களின் மிச்சங்களும் வெளிவந்தன. அருகிலேயே புவன்த்-ஆ-காலியேர் அரும்பொருட்சாலை இருக்கிறது. வழியில் நகரசபைக் கொடி தெரிந்தால் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்: பிரெஞ்சுக்காரருக்கு அல்லி, ஆங்கிலேயருக்கு றோஜா, ஸ்கொட்லாந்தருக்கு முட்செடி, ஐரிஷ்காரருக்கு மூவிலை என்று நான்கு தனித்தனிச் சின்னங்கள். ஆங்கிலம் பேசிய எல்லோரும் ஒரே சாக்சன் என்று கொடி செய்தவர்கள் நினைக்கவில்லை. நடுவில் நிற்கும் வெண் பைன் மரம் 2017இல், இந்த மண்ணின் ஆதிக்குடிகளுக்காக, சேர்க்கப்பட்டது. அதற்கு அவர்கள் 375 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

நேரம் இருந்தால் விக்ரோரியா பாலத்து அடிவாரத்துக்கும் போகலாம். 1860இல் அந்தப் பாலத்தைத் திறந்துவைக்க வந்த வேல்ஸ் இளவரசர்தான் பின்னர் அந்தச் சாக்ஸ்-கோபுர்க்-கோத்தா வம்சத்தின் முதல் பிரித்தானிய மன்னரானார். ஆனால் பார்க்க வேண்டியது பாலத்தையல்ல, ஆற்றிலிருந்து எடுத்து நிறுத்திய கரும்பாறையை. 1847இல் பஞ்சத்துக்குத் தப்பிக் கப்பலேறி வந்த ஐரிஷ் அகதிகள் கப்பற் காய்ச்சலால் இங்கே ஆயிரக்கணக்கில் இறந்தார்கள். பாலம் கட்டிய தொழிலாளர் வேலை செய்யும்போது அவர்களின் எலும்புகளைக் கண்டு, புதைகுழி அழிந்துபோகக்கூடாது என்று 1859இல் இந்தக் கல்லை நிறுத்தினார்கள். ஐரிஷ் சமூகத்தவர் ஆண்டுதோறும் மே மாதத்தில் அங்கே நடந்து போகிறார்கள். கல்லில் இறந்தவரின் தொகை 6,000 என்று வெட்டியிருக்கிறது. 'ஐரிஷ்' என்ற சொல் அதில் இல்லை; 'குடியேறிகள்' என்று மட்டும் எழுதியிருக்கிறது.